மானிப்பாயில் வாழ்ந்த வைத்தியப் பெருந்தகை கிறீன்

ஒரு நாட்டிற்குத் தொண்டு செய்தோர் அந்நாட்டிலே பிறந்தோராய்த்தான் இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. பிறநாட்டிலே பிறந்து, நம் மண்ணிற் கால் வைத்து, நம் மொழியைக் கற்று, நம்மவர் நோய் தீர்க்கத் தம் வாழ்நாளின் நற்பகுதியைச் செலவிட்டோரும் உளர். அத்தகையோருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர்.

இவர் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆந் திகதி அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரர் நகரிற் பிறந்தார். நம் நாவலர் பெருமான் நல்லூரிலே அவதரித்ததும் அதே ஆண்டிலேயாம். சமயத்தால் இருவரும் எதிரெதிர்க் கரைகளில் நின்றவர்கள். ஆயினும், தமிழ் உரைநடையையும் அச்சியந்திரத்தையும் துணைக்கொண்டு அறிவை ஊரெங்கும் பரப்ப முயன்றதில் இருவரும் ஒரு காலத்தின் புதல்வர்களே.

கிறீன் 1845இல் நியூயோர்க் நகரிலே வைத்தியப் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷனின் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அவருக்கு முன்னரே டாக்டர் ஸ்கடர் பண்டத்தரிப்பில் வைத்தியப் பணி புரிந்திருந்தார். கிறீன் முதலில் வட்டுக்கோட்டையிலே தங்கி, 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். அவர் அங்கே தொடங்கிய வைத்தியசாலை பின்னாளில் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

அக்காலத்து யாழ்ப்பாணத்தில் நோய் வந்தால் மக்கள் பரிகாரியாரை நாடினர். குடிநீரும் எண்ணெயும் சூரணமும் பல நோய்களுக்குப் பயன்பட்டன. ஆனால் ஆழ்ந்த இரணம், பெருங்கட்டி, முறிந்து சிதைந்த அவயவம், தாயும் சேயும் ஒருங்கே தவிக்கும் பிரசவம் ஆகியவற்றில் கத்தி எடுத்துக் காக்க வல்லோர் அரியர். மானிப்பாயில் அக்கத்தி நோயாளரின் சாதியையோ சமயத்தையோ கேளாது பணி செய்தது. வாந்திபேதி பரவிய காலங்களில் கிறீனும் அவர்தம் மாணாக்கரும் ஊர்களுக்குச் சென்று மருந்து கொடுத்தனர். நோய் வராமற் காக்கும் வழிகளை எளிய தமிழிலே துண்டுப்பிரசுரங்களாகவும் அச்சிட்டு வழங்கினர்.

ஆயினும், ஒரு வைத்தியர் இரு கைகளால் எத்தனை பேரைக் காக்கலாம்? இக்கேள்வியே கிறீனை ஆசிரியராக்கியது. 1848இலேயே அவர் மாணாக்கரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். யாழ்ப்பாணத்தில் அவர் பணியாற்றிய காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்று தேறினர். முதலிற் பயின்றோர் ஆங்கிலத்தில் கற்றனர். அங்ஙனம் கற்றவர்களுட் பலர் உத்தியோகமும் சம்பளமும் தேடிப் பிற இடங்களுக்குச் செல்வதையும், கிராமத்து நோயாளி முன்போலவே துணையின்றிக் கிடப்பதையும் அவர் கண்டார். தமிழிலே கற்றவன் தமிழரிடையே தங்குவான் என்பது அவர் துணிபு. 1857இல் தாய்நாடு சென்று 1862இல் மனைவியாருடன் மீண்ட அவர், 1864ஆம் ஆண்டளவிலிருந்து தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கலானார்.

இதற்கு எதிர்ப்பு இல்லாமற் போகவில்லை. ஆங்கிலமே உயர்வுக்கு வழி என நம்பிய நம்மவர்க்கே அது கசந்தது. 1870இல் கொழும்பிலே ஆங்கிலத்தில் போதிக்கும் வைத்தியக் கல்லூரி தோன்றியபின் அக்கசப்பு மேலும் வளர்ந்தது. கிறீன் தளரவில்லை. தம் மாணாக்கர் மேனாட்டு உடையும் நடையும் பூண்பதையும் அவர் விரும்பினாரல்லர். வேட்டியும் சால்வையும் அணிந்த வைத்தியனையே அவர் காண விழைந்தார்.

தமிழிற் கற்பிக்க நூல்கள் வேண்டுமே! அவற்றையும் அவரே ஆக்கினார். உடலமைப்பையும் உடற்றொழிலையும் கூறும் நூலும் பிரசவ வைத்தியமும் 1857இல் வெளிவந்தன. இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும் அச்சேறின. இவையாவும் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்படும். மொழிபெயர்ப்பிலே அவர்தம் மாணாக்கர் உடனுழைத்தனர். அவர் ஒவ்வொன்றையும் பார்வையிட்டுத் திருத்தினார்.

கலைச்சொல் ஆக்கத்தில் அவர் கைக்கொண்ட முறை இன்றும் எண்ணத்தக்கது. முதலில் தமிழிலே வழங்கும் சொல்லைத் தேடினார். கிடையாதவிடத்து வடமொழியை நாடினார். அங்கும் பொருந்தாதபோது அந்நியச் சொல்லைத் தமிழோசைக்கு இசைய மாற்றிக்கொண்டார். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் ஈறு கொடுத்த கெமிஸ்தம் என்னும் பெயரே அதற்குச் சான்று.

உடல்நலங் குன்றியதால் 1873இல் அவர் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றார். மீண்டும் வரக் கூடவில்லை. எனினும் வூஸ்ரரில் இருந்தவாறே தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தி அனுப்பினார். 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் திகதி இறையடி சேர்ந்தார். தமிழருக்கு வைத்தியத் தொண்டனாயிருந்தமையைத் தம் கல்லறையிற் பொறிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் முயற்சியில் உருவான இந்து பதார்த்த சாரம் அவர் மறைந்தபின் 1888இல் வெளியாயிற்று.

அவர் மத போதகராகவே வந்தவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் சமயம் அவருக்கு. நம் சமயம் நமக்கு. ஆனால் பிறர் துயர் துடைத்தல் எச்சமயத்தாருக்கும் பொதுவான அறம். நன்றி மறவாமை நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற சிறந்த ஒழுக்கம்.

அவருக்குப்பின் தமிழ்வழி வைத்தியக் கல்வி நின்றுபோயிற்று. 1978இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீடம் தோன்றியபோதும் போதனைமொழி ஆங்கிலமாகவே அமைந்தது. உலக அறிவோடு தொடர்புகொள்ள ஆங்கிலம் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆனால் நோயாளியின் மொழியிலே நோயை விளக்க இயலாத வைத்தியன் பாதி வைத்தியனே.

இளைஞர்காள்! உங்களுள் வைத்தியராகப் போவோர் இதனை நெஞ்சிற் கொள்ளுங்கள். பட்டம் பெற்றபின் எங்குச் செல்வது என்னும் கேள்வி உங்கள் முன்னும் வரும். கடல் பல கடந்து ஒருவர் மானிப்பாய்க்கு வந்தார் என்பதை அவ்வேளையில் நினைவுகூருங்கள். மானிப்பாயிலிருந்து செல்வோரும் என்றேனும் ஊர்ப்பக்கம் திரும்பி, தாம் கற்றதைத் தமிழிலே நாலு பேருக்குச் சொல்லி வைப்பார்களாயின், கிறீன் பெருந்தகைக்கு நாம் பட்ட கடனிற் சிறிதேனும் தீரும்.