கல்லுக்கு முன்னே சபை: பேராயர் அசரியா

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், 1874ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. தந்தையார் கிராமத்துக் குருவானவர். அவர் 1889இல் மறைந்தபின் தாயாரின் கண்டிப்பான வளர்ப்பே மகனை உருவாக்கிற்று. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்று, 1895 முதல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகத் தென்னாடு முழுவதும் சுற்றிய அவர், 1903இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றார். பிறர் அனுப்பிய பணத்தாலும் ஆட்களாலும் வளர்ந்த சபை, இனித் தன் பணத்தையும் தன் ஆட்களையும் அனுப்பவேண்டும் என்பதே அச்சங்கத்தின் கருத்து. அது தேர்ந்துகொண்ட களம், ஐதராபாத் நிஜாமின் ஆட்சிக்குட்பட்டிருந்த தோர்ணக்கல் பகுதி. பிறரை அனுப்பியவர் 1909இல் தாமே குருப்பட்டம் பெற்று அங்குச் சென்று, தெலுங்கு மக்களுடன் குடியமர்ந்தார். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

அவர் நாடார் குலத்தில் பிறந்தவர். நம் மலரில் அவர் வரலாறு இடம்பெறுவதற்குக் காரணம், அவரிடம் ஒப்படைக்கப்பட்ட மக்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். ஊருக்குப் புறத்தே சேரியில் வாழ்ந்து, பிறர் நிலத்தில் உழைத்து, கடனிலே பிறந்து கடனிலே மடிந்தவர்கள். கோயில் வாசலை மிதிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அத்தகைய மக்களுக்கென ஒரு பேராலயம் எழுப்ப வேண்டும் என்னும் எண்ணம் பேராயருக்குத் தொடக்க ஆண்டுகளிலேயே இருந்தது. ஆனால் முதல் உலகப் போரும் பணமுடையும் குறுக்கே நின்றன. அது நிறைவேற ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

அந்தக் கால் நூற்றாண்டில் அவர் கட்டியது எதை என்பதைத்தான் நம் இளைஞர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் சென்றார். எழுத்தறியாத முதியோரையும் தாய்மாரையும் தரையில் அமர்த்தி, வினாவும் விடையுமாகப் போதித்தார். அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கையும் சேரியின் பகைவர்கள் என்று இடைவிடாது எச்சரித்தார். ஞானஸ்நானம் பெறுகிறவர், தாம் பெற்ற நற்செய்தியைப் பிறருக்கு உரைக்கும் கடமையையும் அன்றே ஏற்கும்படி செய்தார். இதனால் சபை வேலை சம்பளக்காரர் வேலை என்ற நிலை மாறி, எல்லாருடைய வேலையுமாயிற்று.

காணிக்கையைப் பற்றி அவர் கொண்டிருந்த கொள்கை பலருக்கு வியப்பளித்தது. ஏழையிடம் கேட்கலாகாது என்பது இரக்கம்போலத் தோன்றும். பேராயர் அதை ஏற்கவில்லை. கொடுக்கக் கூடாதவன் என்று ஒருவனை ஒதுக்குவதும் ஒருவகை இழிவே என்பது அவருடைய செய்கையால் விளங்குகிறது. உலையில் அரிசி இடும்போது ஒரு பிடி எடுத்துச் சபைக்கென வேறு கலயத்தில் இடும் வழக்கம் அங்குள்ள குடும்பங்களில் பரவிற்று. பிடியரிசி எடுத்துவைத்தவர்கள் பெண்கள். எனவே சபையின் வரவுக் கணக்கு அடுக்களையில் தொடங்கிற்று எனலாம். அறுவடைப் பண்டிகைகளில் தானியமும் கோழியும் வந்து குவிந்தன. வெளிநாட்டுச் சங்கங்களின் உதவி பேராயத்திற்கு இல்லாமற் போகவில்லை. ஆயினும் சபையார் வெறுங்கையோடு நின்று பெற்றுக்கொண்டவர்களல்லர்.

எல்லாவற்றினும் கடினமாயிருந்தது சாதி. மாலாவும் மாதிகாவும் ஒருவரோடொருவர் உண்ணவும் மணஞ்செய்யவும் மறுத்தனர். மேலோர் தம்மை ஒதுக்கிய அதே முறையில் தமக்குள்ளும் ஒதுக்கினர். திருவிருந்தில் வேற்றுமை கூடாதென்று பேராயர் உறுதியாக நின்றார். அந்நோய் அவர் காலத்தில் முற்றும் தீர்ந்துவிட்டது என்று எழுதுவது பொய்யாகும்.

மேய்ப்பர்களையும் அம்மக்களிடமிருந்தே பயிற்றுவித்தார். 1935ஆம் ஆண்டளவில் அப்பேராயத்தில் 250 இந்தியக் குருமாரும், 2,000க்கு மேற்பட்ட கிராம ஆசிரியர்களும் பணிபுரிந்தனர். மருத்துவ நிலையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அச்சகங்களும் நடைபெற்றன. சேரிப் பிள்ளை முதன்முதலில் எழுத்தைக் கண்டது அக்கிராம ஆசிரியரிடத்தில்தான். நம்முடையதைப் போன்ற கல்விச் சங்கங்களுக்கு இது புதிய செய்தியன்று.

இவ்வாறு மக்கள் ஆயத்தமாகிக்கொண்டிருக்கையில் சுவர்களும் எழுந்தன. மேனாட்டுக் கோபுரத்தைப் பெயர்த்துவைக்கப் பேராயர் விரும்பவில்லை. திராவிடக் கோயில் தூண்களும், இசுலாமியக் கட்டடக்கலையின் குவிமாடங்களும் மினார்களும் ஒன்றுசேர அமைந்த அப்பேராலயம், 1939 ஜனவரி 6ஆம் நாள், திருவெளிப்பாட்டுத் திருநாளன்று, அத்திருநாளின் பெயராலேயே பிரதிஷ்டை செய்யப்பட்டது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் முதன்முதலாக நுழைந்தது அதே ஆண்டு ஜூலை 8ஆம் நாள் என்பதை நினைவிற்கொண்டால், தோர்ணக்கல்லில் அன்று உள்ளே சென்றவர்களின் நிலை நமக்கு விளங்கும். அவர்கள் எவரிடமும் அனுமதி கேட்டு நுழையவில்லை. அது அவர்களுடைய ஆலயம்.

ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1945 ஜனவரி முதல் நாள், பேராயர் அசரியா தோர்ணக்கல்லில் மறைந்தார்.