'கான்பான்' போர்டுக்குப் பின்னால் ஒரு கார் தொழிற்சாலை: யார் இந்த தாயிச்சி ஓனோ?

வேங்கிக்காலில் வீட்டு மாடியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறக்கும் ஐ.டி. ஊழியர் காலையில் முதலில் பார்ப்பது ஒரு போர்டைத்தான். 'செய்ய வேண்டியவை', 'நடப்பவை', 'முடிந்தவை' என மூன்று கட்டம். நடுக்கட்டத்தில் ஏழெட்டு வேலை தேங்கி நிற்கும், ஒன்றும் முடிந்தபாடில்லை. இந்த போர்டுக்குப் பெயர் கான்பான். இது பிறந்தது சாஃப்ட்வேர் கம்பெனியில் இல்லை.

தாயிச்சி ஓனோ 1912 பிப்ரவரி 29-ல் சீனாவின் டாலியன் நகரில் பிறந்த ஜப்பானியர். நகோயாவில் தொழில்நுட்பம் படித்து, 1932-ல் டொயோடா குடும்பத்தின் நூற்பாலையில் சேர்ந்தார். 1943-ல் அவர்களின் கார் நிறுவனமான டொயோட்டாவுக்கு மாறினார்.

போர் முடிந்த ஜப்பானில் காசும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. 1950-ல் டொயோட்டா திவாலின் விளிம்புக்கே போனது. வேலைநிறுத்தம் வெடித்தது. நிறுவனர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். ஏராளமானோர் வெளியேறினர். இனி தேவைக்கு மேல் ஒரு உதிரிபாகம்கூட செய்து குவிக்க முடியாது என்ற நிலை.

ஓனோவுக்கு வழிகாட்டியது அமெரிக்க சூப்பர் மார்க்கெட். வாடிக்கையாளர் எடுத்த பிறகுதான் அங்கே அலமாரி நிரப்பப்படும். 1953-ல் தன் பிரிவில் இதையே செய்தார். அடுத்த பிரிவு பொருளை எடுத்தால், ஒரு அட்டை முந்தைய பிரிவுக்குத் திரும்பும். அட்டை வந்தால்தான் உற்பத்தி. அந்த அட்டைதான் கான்பான். ஜப்பானிய மொழியில் அறிவிப்புப் பலகை என்று பொருள்.

எதிர்ப்பு சும்மா இல்லை. பல ஆண்டுகள் இதை 'ஓனோ முறை' என்றுதான் அழைத்தார்கள்; சரிப்பட்டு வராவிட்டால் பழி அவர் தலையில்தான். 1960-களில் நிறுவனம் முழுக்கப் பரவியது. 1973 எண்ணெய் நெருக்கடியில் மற்ற நிறுவனங்கள் திணறியபோது டொயோட்டா சீக்கிரம் எழுந்தது. அப்போதுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. ஓனோ 1990-ல் காலமானார்.

சாஃப்ட்வேரில் இதன் ஆரம்பகால முயற்சி ஒன்று நடந்தது நம்ம ஹைதராபாத்தில். 2004-ல் மைக்ரோசாஃப்ட்டுக்காக வேலை பார்த்த ஒரு குழு, டேவிட் ஆண்டர்சனின் யோசனைப்படி, கையில் எடுக்கும் வேலைக்கு வரம்பு வைத்தது. சுமார் 5 மாதம் இழுத்த வேலைகள் 2 வாரத்தில் முடிய ஆரம்பித்தன.

சூட்சுமம் திருவண்ணாமலைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். பௌர்ணமி அன்று தடுப்புக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டால்தான் வரிசை நகரும். எல்லோரையும் ஒரே நேரத்தில் உள்ளே விட்டால் யாருமே நகர முடியாது.

உங்கள் போர்டில் 'நடப்பவை' கட்டத்துக்கு மேல் அதிகபட்சம் இத்தனை என்று ஒரு எண் இருக்கிறதா? இல்லை என்றால் அது கான்பான் இல்லை, வெறும் பட்டியல்.