அகஸ்டஸ் ஸீஸரும் வீடு திரும்பிய சிப்பாய்களும்

ஒருவன் கையில் ஆயுதம் கொடுத்து யுத்தகளத்துக்கு அனுப்புவது எளிது. அவனைத் திரும்ப அழைத்து, ஊரில் நாலு பேரோடு ஒருவனாக வாழச் செய்வது அரிது. வெற்றி விழாவுக்குப் பணத்தை வாரி இறைக்கும் சர்க்கார்கள், வெற்றி தேடித் தந்தவனுடைய நாளைய சோற்றைப் பற்றி எண்ணுவதில்லை. இவ்விஷயத்தில் பெருந்தவறு இழைத்துப் பின்னர் அதைத் திருத்தவும் முயன்ற ஒருவனுடைய சரித்திரத்தை இன்று நேயர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அவன் ரோமாபுரியின் முதற் சக்கரவர்த்தியாகிய அகஸ்டஸ். கோயமுத்தூர், கரூர் பக்கங்களில் புதையலாகக் கிடைத்த வெள்ளி நாணயங்களில் அவனுடைய முகத்தை நம்மவர் கண்டிருக்கின்றனர்.

கி.மு. 63-ல் பிறந்த அவனை, இளமைக் காலத்தைப் பேசும்போது ஆக்டேவியன் என்று சரித்திரக்காரர் குறிப்பிடுவர். கி.மு. 44-ல் ஜூலியஸ் ஸீஸர் கொலையுண்டபோது அவனுக்கு வயது 18. ஸீஸருடைய உயில் அவனைச் சுவீகார புத்திரனாக்கியது. அவனுக்கோ பதவியுமில்லை, படையுமில்லை. அவன் நேரே கம்பேனியா நாட்டுக்குச் சென்றான். ஸீஸரின் பழைய சிப்பாய்கள் அங்கே நிலம் பெற்றுக் குடியேறியிருந்தனர். தலைக்கு 500 டெனாரியஸ் கொடுத்தான். அஃது ஒரு சிப்பாயின் இரண்டு வருஷச் சம்பளத்துக்கும் அதிகம். ஆயிரக்கணக்கானோர் ஏரை விட்டு மீண்டும் வாளைப் பற்றினர்.

இதில் வியப்பில்லை. மேரியஸ் என்ற சேனாபதி நிலமற்ற ஏழைகளைப் படையில் சேர்த்த காலந்தொட்டு, போர் முடிந்த சிப்பாய்க்கு ஜீவனம் அளிக்கும் கடமையை ரோமக் குடியரசு ஏற்கவில்லை. நிலம் வேண்டுமாயின் அவன் தன் தலைவனையே நம்ப வேண்டும். எவன் சோறு போடுகிறானோ அவனுக்கே வாள் வேலை செய்யும். குடியரசு மாண்டதற்குரிய காரணங்களுள் இஃதொன்று.

கி.மு. 42-ல் பிலிப்பிப் போரில் வெற்றி கிட்டியது. சுமார் நாற்பது ஐம்பதாயிரம் பேருக்கு நிலம் அளிக்கும் பொறுப்பு ஆக்டேவியனைச் சேர்ந்தது. பொக்கிஷத்தில் பணமில்லை. இத்தாலியில் 18 நகரங்களின் நிலங்களைப் பறித்துக் கொடுப்பதென்று முன்னரே வாக்களித்திருந்தனர். அவ்வாறே செய்தான். குற்றமற்ற குடியானவர்கள் பெண்டு பிள்ளைகளோடு தெருவில் நின்றனர். கிரெமோனாவின் நிலம் போதாமல் அண்டையிலிருந்த மாந்துவாவும் பறிபோயிற்று. அந்த ஊர்க் கவியாகிய வெர்ஜிலின் முதற் பாடல்களில் இத்துயரம் பதிந்துள்ளது. நிலமிழந்தோரின் ஆத்திரத்தைத் துணைக்கொண்டு ஆண்டனியின் தம்பி கலகக்கொடி உயர்த்தினான். பெருசியா நகரம் முற்றுகையில் பட்டினி கிடந்து, கி.மு. 40-ல் சரணடைந்து, எரிந்து சாம்பலாயிற்று. ஓர் ஏழைக்கு வாழ்வு தர மற்றோர் ஏழையைப் பாழாக்கியதன் பலன் இதுவே.

இப்பாடத்தை அவன் மெல்ல மெல்லக் கற்றான். கி.மு. 36-ல் சிப்பாய்கள் கலகம் செய்து விடுதலை கேட்டபோது கேப்புவா நகரின் நிலத்தை எடுத்தான். ஆயினும் அந்நகருக்கு ஈடாகக் கிரேத்தா தீவில் நிலவருவாயும், குடிநீர்க் கால்வாயும் தந்தான். கி.மு. 31-ல் ஆக்டியத்தில் ஆண்டனியை வென்ற பின் சிப்பாய்கள் மறுபடியும் குமுறினர். தன் சொத்தையும் நண்பர்களின் சொத்தையும் ஏலத்துக்கு விட்டான். வாங்கத் துணிந்தவர் எவருமில்லை. எகிப்தின் செல்வம் கைக்கு வந்த பின்னரே கடன் தீர்ந்தது. இத்தாலியில் வாங்கிய நிலத்துக்குச் சுமார் 60 கோடி ஸெஸ்டர்ஸும், வெளிமாகாண நிலத்துக்குச் சுமார் 26 கோடியும் கொடுத்ததாக அவனே தன் செயல்களின் பட்டியலில் பொறித்து வைத்தான். தன் கீழ்ப் பணியாற்றியவருள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் குடியேற்றியோ ஊருக்கு அனுப்பியோ வாழ வைத்ததாகவும் கணக்குக் காட்டியுள்ளான்.

அவன் செய்தவற்றுள் தலையாயது கி.பி. 6-ல் நிறுவிய இராணுவப் பொக்கிஷமே. தன் கைப்பணமாக 17 கோடி ஸெஸ்டர்ஸை அதில் இட்டான். வாரிசுச் சொத்தில் நூற்றுக்கு 5 வீதமும் ஏல விற்பனையில் நூற்றுக்கு 1 வீதமும் வரி விதித்து அதற்கு நிலையான வருவாய் தேடினான். நெருங்கிய உறவினருக்கும் ஏழைகளுக்கும் வாரிசு வரி இல்லை. 20 வருஷம் பணியாற்றிய சிப்பாய்க்கு 12,000 ஸெஸ்டர்ஸ் என்று விதியாயிற்று. அஃது அவனது 13 வருஷச் சம்பளத்துக்கு மேற்பட்ட தொகை. தலைவன் இடும் பிச்சை சட்டம் அளிக்கும் உரிமையாயிற்று. செல்வர்கள் முணுமுணுத்தனர். கி.பி. 13-ல் ஸெனேட் சபை வாரிசு வரியை ஒழிக்கத் துடித்தபோது, அதற்குப் பதிலாக நிலவரி வரும் என்று கிழவன் காட்டினான், சபை அடங்கிற்று. சிப்பாய் காத்த செல்வத்தில் சிப்பாய்க்குப் பங்கு தர மனமில்லாதவர் எக்காலத்தும் உண்டு போலும்!

ஆயினும் சட்டம் எழுதுவது வேறு, நடத்துவது வேறு. பன்னோனியாக் கலகமும், கி.பி. 9-ல் ஜெர்மானியக் காட்டில் மூன்று லீஜியன்கள் அழிந்ததும் அவனைத் தளர்த்தின. காலம் முடிந்த சிப்பாய்களை விடாமல் நிறுத்தி வைத்தான். கி.பி. 14-ல் அவன் கண் மூடிய செய்தி எட்டியதும் பன்னோனியாவிலும் ரைன் நதிக்கரையிலும் படைகள் கிளர்ந்தன. முப்பது நாற்பது வருஷம் உழைத்துத் தலை நரைத்தோர், தமக்கு நிலமென்று கிடைப்பது சேற்று நிலமும் கற்பாறையுமே என்று முறையிட்டனர்.

அகஸ்டஸைத் துதிப்பது நம் கருத்தன்று. அவன் குடியரசின் உயிரைப் போக்கியவன். அவன் கை இரத்தக்கறை படிந்தது. ஆனால் ஜனநாயகவாதிகள் அவனிடம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. குடியரசு செய்யத் தவறியதைச் செய்தே அவன் குடியரசை விழுங்கினான். வாளை இறக்கியவனுக்கு வாழ்வளிப்பது தேசத்தின் கடன். அக்கடனைப் பொதுப் பொக்கிஷத்திலிருந்து தீர்க்க வேண்டும். அயலான் வயலைப் பறித்துத் தீர்த்தலாகாது. அதைத் தேசம் தீர்க்காவிடில் தீர்க்க ஒருவன் வருவான்; அவன் கேட்கும் விலை தேசத்தின் சுதந்திரமாகவே இருக்கும்.