திருக்கேதீச்சரத் திருப்பணிச் செம்மல் சேர் கந்தையா வைத்தியநாதன்

விடத்தல்தீவிலிருந்து பாப்பாமோட்டை வழியாக மன்னாருக்குச் செல்லும் நம்மவர், மாந்தையை அடைந்ததும் திருக்கேதீச்சரத்தின் திசை நோக்கிக் கைகூப்புவது வழக்கம். இன்று கருங்கற் கோயிலாக எழுந்து நிற்கும் அத்தலம் ஒரு காலத்தில் முட்காடு. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய அக்கோயிலை 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்தழித்தனர். 1872இல் ஆறுமுக நாவலர் அதனைப் புதுப்பிக்குமாறு சைவ மக்களை வேண்டினார். 1893இல் அரசு அக்காணியை ஏலத்தில் விட்டபோது 3,100 ரூபாவுக்குச் சைவர்கள் வாங்கினர். நாட்டுக்கோட்டைச் செட்டிமார் அதற்குப் பெருந்துணை புரிந்தனர். 1903இல் ஒரு சிறு கோயில் எழுந்தது. அதனைப் பெருங்கோயிலாக்கும் பணிக்குத் தம்மை ஒப்படைத்தவரே சேர் கந்தையா வைத்தியநாதன் அவர்கள்.

1896இல் பிறந்த அன்னார் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். 1948இல் நாடு சுதந்திரம் பெற்றபோது பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் பொறுப்பிலிருந்த பாதுகாப்பு, வெளிவிவகார அமைச்சின் நிரந்தரச் செயலாளராக விளங்கினார். பின்னர் செனற்சபை உறுப்பினராகி, சேர் ஜோன் கொத்தலாவலவின் அமைச்சரவையில் வீடமைப்பு, சமூக சேவை அமைச்சராகவும் இருந்தார். இவ்வளவும் பலர் அறிந்த செய்தி.

அதே 1948ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலே கொழும்பில் திருக்கேதீச்சர ஆலயத் திருப்பணிச் சபை தொடங்கப்பெற்றது. அதற்குத் தலைமை தாங்கியவரும் அவரே. புதிய நாடொன்றின் பாதுகாப்புக் கோப்புகளைப் பார்த்த அதே கைகள் மாதோட்டத்துக் காட்டில் ஒரு கோயிலுக்கான கணக்குகளையும் பார்த்தன. 1952இலும் 1960இலும் கும்பாபிஷேகங்கள் நடைபெற்றன. தலத்தின் வரலாற்றை ஆராயும் கட்டுரைகளைத் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாகவும் வெளியிட்டார். கல்லும் சுண்ணாம்பும் தேடுவதோடு நின்றுவிடாமல் இந்நூலையும் தொகுத்தது அவரது சிவில் சேவைப் பழக்கம் போலும்!

அன்னாரை நாம் அளக்க வேண்டியது அறுபதுகளை வைத்தே. 1956இல் களனி மாநாட்டில் சிங்களமே அரசமொழி என்று தீர்மானித்தது அவர் அமைச்சராயிருந்த அரசின் கட்சிதான். ஆகவே தமிழரசுக் கட்சியின் போராட்டங்களைப் பேசுமிடத்து அவர் பெயர் வருவதில்லை. அதனை மறைத்து எழுதவும் வேண்டியதில்லை. எனினும் அதன்பின் அவர் பெயர் கொழும்பு அரசியலிலும் பார்க்கக் கேதீச்சரத்துடனேயே சேர்த்துப் பேசப்படலாயிற்று.

1961 பெப்ரவரி 20ஆந் திகதி யாழ்ப்பாணக் கச்சேரி முன் தொடங்கிய சத்தியாக்கிரகம் விரைவில் மன்னார்க் கச்சேரி வாயிலுக்கும் வந்தது. ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, இராணுவம் இறக்கப்பட்டு, தலைவர்கள் சிறைப்பிடிக்கப்பட்டனர். தாம் முன்பு நிருவகித்த அமைச்சின் படையே தம் மக்கள் மேல் ஏவப்பட்டதைக் காணும் காலமும் அவருக்கு வாய்த்தது. அதே காலத்தில் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதும் கிறிஸ்தவரும் சைவரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் மன்னாரில் பெருங் கொந்தளிப்பாயிற்று. கச்சேரி வாசலில் ஒரு நியாயம் கேட்கப்பட்டுக்கொண்டிருக்க, மாந்தையில் கோயில் வேலை மெதுவாக நடந்தது. இரண்டில் ஒன்றைப் பெரிதென்றும் மற்றதைச் சிறிதென்றும் சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

1964 டிசம்பர் 22, 23ஆந் திகதிகளில் வீசிய சூறாவளியை நம் கரையோரத்து முதியோர் மறக்கமாட்டார்கள். அக்கரையில் தனுஷ்கோடி அழிந்தது; பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டியொன்று பயணிகளுடன் கடலுள் போயிற்று. இக்கரையில் மன்னார் மாவட்டம் பெருஞ்சேதம் அடைந்தது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு ஓடிய கப்பற் சேவையும் அத்துடன் நின்று, பின்னர் இராமேஸ்வரத்துக்கு மாறியது. ஊர்கள் தலைநிமிரத் தொடங்கிய 1965இலேயே சேர் வைத்தியநாதன் சிவபதமடைந்தார். எண்ணிய பெருங்கோயிலை அவர் கண்ணாற் காணவில்லை.

சபையார் வேலையைக் கைவிடவில்லை. 1976 யூலையில் மகாகும்பாபிஷேகம் நடந்தேறியது. 1990இன் பின் அப்பகுதி இராணுவத்தின் வசமாகி, பல ஆண்டுகள் அடியார் செல்ல முடியாதிருந்தது. அதே 1990இல் விடத்தல்தீவின் முஸ்லிம் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டன. 2008இல் போர் நம்மூருக்குள் வந்தது. பின்னர் இந்திய அரசின் உதவியுடன், மாமல்லபுரத்துச் சிற்பக் கலைஞர் பங்குகொள்ளக் கருங்கற் திருப்பணி நிறைவேறி, 2022 யூலையில் குடமுழுக்குக் கண்டது. 1948இல் சபை தொடங்கி 74 ஆண்டுகள்.

சிவராத்திரியன்று பாலாவித் தீர்த்தத்தைக் குடங்களிற் சுமந்து தம் கையாலேயே சிவலிங்கத்துக்கு வார்க்கும் அடியார் கூட்டத்தில் நம்மூரவரும் உண்டு. அவர்களுள் இளையோர் பலருக்கு இப்பெரியாரின் பெயர் தெரியாது என்பதாலேயே இவ்வாண்டு மலரில் இதனை எழுதலானோம்.