புயல் கூண்டு ஏற்றிய அட்மிரல்

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் ஒன்று உருவாகிவிட்டால், நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் பாம்பனிலும் துறைமுகக் கம்பத்தில் கூண்டு ஏறிவிடும். எத்தனையாம் நம்பர் கூண்டு என்று விசாரித்துக்கொண்டே மீனவர்கள் படகுகளைக் கரையேற்றுவார்கள். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் சொல்லும் செய்தியைப் புரிந்துகொள்ள எழுத்து வாசனைகூட வேண்டியதில்லை.

கம்பத்தில் கூம்பையும் உருளையும் தொங்கவிட்டுக் கடலோடிகளை எச்சரிக்கும் இந்த முறையை 1861-ம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கி நடத்திக் காட்டியவர் ராபர்ட் பிட்ஸ்ராய். டார்வின் சரித்திரம் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. டார்வினை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றிவந்த பீகிள் கப்பலின் தலைவர் அவர்தான். ஆனால் அது அவர் வாழ்க்கையில் பாதிக் கதை. மீதிக் கதை, அவர் கடலை விட்டு லண்டனில் ஒரு சிறு காரியாலயத்தில் இரண்டு மூன்று குமாஸ்தாக்களுடன் உட்கார்ந்த பிறகு நடந்தது.

பிட்ஸ்ராய் 1805-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி சபோக் மாகாணத்தில் பிறந்தார். இரண்டாம் சார்லஸ் மன்னரின் வழிவந்த குடும்பம். பாட்டனார் பிரதம மந்திரியாக இருந்தவர். தாய்மாமன் காசில்ரே பிரபு வெளிநாட்டு மந்திரி. அந்த மாமன் 1822-ல் மனம் பேதலித்துத் தற்கொலை செய்துகொண்டார். அப்போது பிட்ஸ்ராய்க்கு வயது பதினேழு. அந்தச் சாவின் நிழல் கடைசி வரையில் அவரை விட்டு நீங்கவில்லை.

பன்னிரண்டாவது வயதில் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்து, பரீட்சையில் முழு மார்க்கும் வாங்கித் தேறியவர் அவர். 1828-ல் தென் அமெரிக்காவின் தென்கோடியில் கடற்கரைப் படம் வரைந்துகொண்டிருந்த பீகிள் கப்பலின் தலைவர், குளிரையும் தனிமையையும் தாங்க முடியாமல் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். அந்த இடத்துக்கு நியமிக்கப்பட்டவர் இருபத்து மூன்று வயது பிட்ஸ்ராய்.

பொறுப்பேற்ற சில வாரங்களுக்குள் ஒரு பாடம் கிடைத்தது. 1829 ஜனவரியில் கப்பல் பிளேட் நதி முகத்துவாரத்துக்கு அருகே போய்க்கொண்டிருந்தது. பாரமானியில் பாதரசம் இறங்கியிருந்தது. வானத்திலும் அடையாளங்கள் தெரிந்தன. போய்ச் சேர வேண்டிய அவசரத்தில் இளம் தலைவர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. நிலத்திலிருந்து பாய்ந்து வந்த பாம்பெரோ என்னும் சூறைக்காற்று கப்பலைக் கவிழ்க்கப் பார்த்தது. பாய்மரத்தின் மேலே இருந்த மாலுமிகள் இருவர் கடலில் விழுந்து மாண்டார்கள். பாரமானி சொன்னதைக் கேட்டிருந்தால் அந்த இருவரும் பிழைத்திருப்பார்கள் என்பது பிட்ஸ்ராய்க்குத் தெரியும். அதன் பிறகு பாரமானியைப் பார்க்காமல் அவர் பாய் விரித்ததில்லை.

டார்வினுடன் சென்ற இரண்டாவது யாத்திரை 1831 டிசம்பர் 27-ல் தொடங்கி 1836 அக்டோபர் 2-ல் முடிந்தது. முகசாமுத்திரிகத்தில் நம்பிக்கை உள்ள பிட்ஸ்ராய், டார்வினுடைய மூக்கின் வடிவத்தைப் பார்த்து, இந்த மூக்குக்காரருக்கு உறுதி போதாது என்று முதலில் தயங்கினாராம். இதைப் பிற்காலத்தில் டார்வினே எழுதி வைத்திருக்கிறார். நல்ல வேளை, மூக்கை மன்னித்துவிட்டார். தேச ரேகையைத் துல்லியமாகக் கணிக்க அந்தக் கப்பலில் இருபத்திரண்டு கடிகாரங்கள் இருந்தன. அப்போது வரைந்த கடற்படங்கள் வெகு காலம் மாலுமிகளுக்கு உதவின.

அதன் பிறகு 1841-ல் பார்லிமெண்ட் அங்கத்தினரானார். 1843-ல் நியூசிலாந்துக் கவர்னரானார். நில வழக்கில் குடியேறிய வெள்ளையர் பக்கம் சாயாமல் மாவோரி மக்களுக்கும் நியாயம் உண்டு என்று நின்றதால் வெள்ளையருக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. 1845-ல் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். பொதுக் காரியங்களில் சொந்தப் பணத்தையும் அவர் தாராளமாக விட்டிருந்தார். ஊர் திரும்பும்போது கையில் புகழும் இல்லை, பணமும் குறைந்திருந்தது.

1854-ல் வர்த்தக இலாகாவில் வானிலைப் பகுதி ஒன்று ஏற்பட்டு, அதற்கு பிட்ஸ்ராய் தலைவரானார். கப்பல்களின் குறிப்பேடுகளிலிருந்து காற்று, மழைக் கணக்குகளைச் சேர்த்து வைப்பதுதான் அவருக்கு இட்ட வேலை. நாளைய வானிலையைச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. அதே ஆண்டில் பார்லிமெண்டில் ஓர் அங்கத்தினர், லண்டனின் வானிலையை இருபத்து நான்கு மணி நேரம் முன்னதாக அறியும் காலம் வரலாம் என்று பேசியபோது சபையே சிரித்துவிட்டது.

பிட்ஸ்ராய் சிரிக்கவில்லை. ஏழை மீனவர் குப்பங்களுக்குப் பாரமானிகளை இரவல் கொடுத்து, எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டி வைக்கச் செய்தார். பாதரசம் எப்படி நகர்ந்தால் என்ன அர்த்தம் என்று பாமரருக்கும் விளங்கும்படி ஒரு சிறு கையேடும் எழுதினார்.

1859 அக்டோபர் 25-ந் தேதி இரவு வந்தது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்னிலிருந்து லிவர்பூலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ராயல் சார்ட்டர் என்ற இரும்புக் கப்பல், வேல்ஸ் கரையில் ஆங்கில்சி தீவை ஒட்டிப் புயலில் சிக்கியது. தங்கச் சுரங்கங்களில் பொருள் தேடிவிட்டு ஊர் திரும்பியவர்கள் பலர் அதில் இருந்தார்கள். இன்னும் சில மணி நேரத்தில் லிவர்பூல் போய்ச் சேர வேண்டிய கப்பல், 26-ந் தேதி காலை பாறையில் மோதிப் பிளந்தது. ஏறக்குறைய 450 பேர் இறந்தார்கள். பிழைத்த நாற்பது பேரில் ஒரு பெண்ணோ குழந்தையோ இல்லை. அந்தப் புயலில் நூற்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் அழிந்தன; மொத்தம் மாண்டவர்கள் சுமார் எண்ணூறு பேர்.

பிட்ஸ்ராய் நாடெங்கும் எழுதிக் கேட்டு, அந்த இரண்டு நாட்களில் எந்த ஊரில் எந்த மணிக்குக் காற்று எப்படி அடித்தது என்று விவரங்களைத் திரட்டிப் படங்களில் குறித்தார். புயல் ஒரே சமயத்தில் எல்லா இடத்திலும் இறங்கவில்லை. தெற்கே கார்ன்வாலைத் தாக்கிவிட்டுப் பல மணி நேரம் கழித்தே வடக்கே ஆங்கில்சிக்குப் போயிருக்கிறது. தந்தியோ சில நிமிஷங்களில் போய்விடும். தெற்கிலிருந்து ஒரு தந்தி அடித்திருந்தால்? ஒரு மாதத்துக்கு முன்புதான் அபர்டீன் நகரில் கூடிய விஞ்ஞானிகள் இப்படி ஓர் ஏற்பாடு வேண்டும் என்று சர்க்காரைக் கேட்டிருந்தார்கள். அவ்வளவு உயிர்கள் போன பிறகு அனுமதி கிடைத்தது.

விஞ்ஞானத்தைக் காட்டிலும் கடினமாக இருந்தது ஆட்களைச் சேர்த்து வேலை வாங்குவது. தந்தி தனியார் கம்பெனிகளின் கையில் இருந்தது. கரைக் காவல் ஒருவரிடம், துறைமுகங்கள் இன்னொருவரிடம், பண மூட்டையோ வர்த்தக இலாகாவிடம். இத்தனை பேரையும் பிட்ஸ்ராய் ஒரு கயிற்றில் கட்டினார். அபர்டீன், டோவர், பென்சான்ஸ், அயர்லாந்தின் மேற்குக் கோடியில் கால்வே என்று பதினைந்து இடங்களில் கருவிகள் வைக்கப்பட்டன. அங்கே தந்திக் குமாஸ்தாக்களே காலை எட்டு மணிக்குப் பாரமானியையும் காற்றையும் பார்த்துக் குறித்து லண்டனுக்கு அனுப்புவார்கள். பத்து மணிக்கு அவை பிட்ஸ்ராயின் மேஜையில் இருக்கும். பதினொரு மணிக்குள் அவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். பத்திரிகைகளுக்கும், கடற்படைத் தலைமைக்கும், லாயிட்ஸ் இன்ஷூரன்ஸ் நிலையத்துக்கும் பிரதிகள் போகும். அத்தனை மலைகளையும் கடல்களையும் ஒரு மணி நேரத்தில் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்து முடிவு கட்டுவது சாமானிய வேலையல்ல.

அபாயம் என்று தோன்றினால் துறைமுகங்களுக்குத் தந்தி பறக்கும். உடனே கம்பத்தில் கறுப்புக் கித்தான் கூம்பு ஏறும். முனை மேல் நோக்கியிருந்தால் வடக்கிலிருந்து பெருங்காற்று. கீழ் நோக்கியிருந்தால் தெற்கிலிருந்து. உருளை ஏறினால் காற்று திசை மாறி மாறி அடிக்கும். உருளையும் கூம்பும் சேர்ந்து தொங்கினால் பேராபத்து. இரவில் இதே வடிவங்களை விளக்குகளால் காட்டுவார்கள். இது கட்டளையல்ல, ஜாக்கிரதை என்ற அறிவிப்பு மட்டுமே என்பதை பிட்ஸ்ராய் திரும்பத் திரும்பச் சொன்னார். புறப்படுவதும் தங்குவதும் கப்பல் தலைவரின் பொறுப்பு.

முதல் எச்சரிக்கை 1861 பிப்ரவரி 6-ந் தேதி போயிற்று. பனிக்காலம். நியூகாசில் பக்கத்து டைன் நதியிலிருந்து லண்டன் அடுப்புகளுக்கு நிலக்கரி போய்க்கொண்டிருந்த சமயம். எச்சரிக்கை வந்தும் காற்று உடனே எழவில்லை. எவ்வளவு நாள் சும்மா நிற்பது என்று கப்பல்கள் பல வெளியே கிளம்பிவிட்டன. பிறகு புயல் வந்தது. கிழக்குக் கரை நெடுகக் கப்பல்கள் நொறுங்கின. 9-ந் தேதி விட்பி என்ற ஊரில் உயிர்காப்புப் படகில் திரும்பத் திரும்பப் போய்ப் பல கப்பல்களின் மாலுமிகளை மீட்ட பதின்மூன்று பேரில், கடைசித் தடவை படகு கவிழ்ந்து பன்னிரண்டு பேர் இறந்தார்கள். ஹென்றி பிரீமன் என்பவர் மட்டும் பிழைத்தார். புது மாதிரித் தக்கைக் கச்சை கட்டியிருந்தவர் அவர் ஒருவர்தான்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1-ந் தேதி டைம்ஸ் பத்திரிகையில் பொதுமக்களுக்கான முதல் வானிலை முன்னறிவிப்பு வெளிவந்தது. ஜோசியம், ஆரூடம் என்ற வாசனை தட்டாத ஒரு சொல்லைத் தேடித் தம் அறிவிப்புக்குச் சூட்டியவர் பிட்ஸ்ராயே. அந்த ஆங்கிலச் சொல்தான் இன்றும் உலகமெங்கும் வழங்குகிறது. வைட் தீவுக்குப் படகேறுமுன் விக்டோரியா மகாராணியே அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி வானிலை கேட்டதாகச் சொல்வார்கள்.

பலித்த நாளில் யாரும் நினைக்கவில்லை; தவறிய நாளில் எல்லோரும் சிரித்தார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. கூம்பு ஏறியதும் ஆட்கள் கடலுக்குப் போக மறுப்பதால் வரும்படி போகிறது என்று மீன்பிடிக் கப்பல் முதலாளிகள் முணுமுணுத்தார்கள். வெறும் கணக்கெடுக்க வைத்த ஆள் ஆரூடம் சொல்வதா என்று விஞ்ஞானிகளில் சிலர் முகம் சுளித்தார்கள். வர்த்தக இலாகாவில் அவர் எதிர்பார்த்திருந்த உயர் பதவியோ, முன்பு பீகிளில் அவருக்குக் கீழே வேலை பார்த்த சல்லிவனுக்குப் போய்விட்டது. இதற்கிடையே டார்வினின் புத்தகம் வேறு வெளியாகியிருந்தது. பைபிளை வரிக்கு வரி நம்பிய பிட்ஸ்ராய்க்கு, அந்தக் கொள்கை பிறக்கத் தம் கப்பலே உதவியதே என்ற வேதனை. 1860-ல் ஆக்ஸ்போர்டில் நடந்த பிரசித்தமான வாதத்தின்போது, பைபிளை உயர்த்திப் பிடித்து அவர் மன்றாடினார். புயல்களைப் பற்றிக் கட்டுரை படிக்கத்தான் அவர் அந்த ஊருக்குப் போயிருந்தார்.

ஓய்வில்லாத வேலை. காது மந்தமாயிற்று. தூக்கம் போயிற்று. மனச் சோர்வு மூடிக்கொண்டது. 1865 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை காலை, குடும்பத்தார் மாதா கோவிலுக்குப் போக வேண்டிய வேளையில், வைஸ் அட்மிரல் பிட்ஸ்ராய் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது ஐம்பத்தொன்பது. மாமன் போன வழியிலேயே மருமகனும் போனார். கடன் இருந்ததே தவிரச் சொத்து இல்லை. நண்பர்கள் மூவாயிரம் பவுன் நிதி திரட்டினார்கள். அதில் டார்வின் நூறு பவுன் கொடுத்தார். மனைவிக்கும் மகளுக்கும் மகாராணி தம் அரண்மனையில் இருக்க இடம் அளித்தார்.

அவர் போனதும் ஒரு கமிட்டி உட்கார்ந்தது. இந்த முன்னறிவிப்புகளுக்கு விஞ்ஞான ஆதாரம் போதாது என்று முடிவாகி, 1866 டிசம்பரில் புயல் எச்சரிக்கைகளும் நின்றன. அப்போதுதான் துறைமுகங்களிலிருந்து கூக்குரல் எழுந்தது. கூம்பு இல்லாமல் எங்களால் முடியாது என்று கடலில் உழைப்பவர்களே கேட்டார்கள். 1867-ல் எச்சரிக்கைகள் மீண்டும் தொடங்கின. தினசரி முன்னறிவிப்பு 1879-ல் திரும்பி வந்தது.

இந்தியாவில் 1864 அக்டோபரில் கல்கத்தாவைச் சூறையாடிய பெரும்புயலுக்குப் பின், பிட்ஸ்ராய் இறந்த அதே 1865-ம் ஆண்டில் கல்கத்தாத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து இந்திய வானிலைத் துறை பிறந்தது.

பிட்ஸ்ராய் தொடங்கிய சிறு காரியாலயம்தான் இன்று எக்ஸிட்டர் நகரில் உள்ள பிரிட்டிஷ் வானிலை நிலையம். பனிக்காலத்தில் எந்தப் பகுதியில் உறைபனி படியும் என்று அது மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிறங்களில் அறிவிக்கிறது. நிலையம் நிற்கும் தெருவுக்கு பிட்ஸ்ராய் பெயர். 2002 பிப்ரவரியில், ஸ்பெயின் நாட்டுக்கு வடமேற்கே பினிஸ்டர் என்று வழங்கிய கடற்பகுதிக்கும் அவர் பெயரை வைத்தார்கள். பிரிட்டிஷ் வானொலியில் கப்பல்களுக்கான வானிலை அறிவிப்பில் அந்தப் பகுதியைச் சொல்லும்போதெல்லாம், காற்றும் அலையும் கூற ஆரம்பிக்குமுன் பிட்ஸ்ராய் பெயர் ஒலிக்கிறது.