ஒரு லைக்கா, ஒரு லென்ஸ், திருவண்ணாமலை: யார் இந்த கார்ட்டியே பிரெஸ்ஸோன்?

குன்றத்தூர் மலைக்கோயிலில் படி ஏறி இறங்குவதற்குள் போனில் 50 போட்டோ சேர்ந்துவிடும். அதில் எத்தனையைத் திரும்பப் பார்க்கிறோம்? ஒரே ஒரு கணத்துக்காகக் காத்திருந்து பேர் வாங்கியவரின் கதை இது.

1908-ல் பிரான்ஸில் பிறந்த ஆன்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் முதலில் கற்றது ஓவியம். 1930-களில் கைக்கு அடக்கமான லைக்கா வாங்கினார். பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ்தான், ஃபிளாஷ் பிடிக்காது. ரேஞ்ச்ஃபைண்டர் வகை கேமராவில், தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றாகப் பொருத்தினால் ஃபோகஸ் ஆகிவிடும். எஸ்.எல்.ஆர். போல உள்ளே கண்ணாடி எழும்பாது, சத்தம் குறைவு. யாரையும் தொந்தரவு செய்யாமல் படம் எடுக்கலாம்.

1947-ல் நண்பர்களோடு மேக்னம் நிறுவனத்தைத் தொடங்கி இந்தியா வந்தார். 1948 ஜனவரி 30-ல் காந்தியைச் சந்தித்தார். அன்று மாலையே காந்தி சுடப்பட்டார். அன்றிரவு டெல்லியின் துயரம் அவர் படங்களில் பதிந்தது.

1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாள்களைப் படமெடுத்தார். 14-ம் தேதி இரவு, வானில் ஓர் ஒளி மெல்ல நகர்ந்து மலைப் பக்கம் மறைவதைப் பார்த்தார். ரமணர் மறைந்த நேரமும் அதுதான். ஆனா, அந்த ஒளி நமக்குக் கிடைத்தது போட்டோவாக இல்லை, அவர் சொன்னதாகத்தான்.

1970-களில் மீண்டும் ஓவியத்துக்கே திரும்பியவர், 2004-ல் மறைந்தார். அடுத்த முறை போனை எடுக்கும் முன், முதலில் கண்ணால் பார்த்துவிடுங்கள்.