தமிழில் வைத்தியம் பயிற்றிய கிறீன்

நம் திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்துள்ள பழைய மயானத்திலே ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஒருவரின் கல்லறை இருக்கின்றது. ஜேன் ஒஸ்ரின் என்னும் புகழ்பெற்ற நாவலாசிரியையின் தம்பியாராகிய சாள்ஸ் ஒஸ்ரின் என்பாரின் கல்லறை அது. 1852ஆம் ஆண்டிலே பர்மா நாட்டின் ஐராவதி நதியிற் கப்பலில் இருந்தபொழுது வாந்திபேதி கண்டு அவர் மாண்டார். அக்காலத்தில் அந்நோய் தளபதியென்றும் கூலியாளென்றும் வேறுபாடு பார்க்கவில்லை. அதன் காரணமும் வைத்திய உலகிற்குத் தெளிவாகத் தெரியாது. நோயைப் பரப்புவது நீரே என்று இலண்டனில் யோன் சினோ என்னும் வைத்தியர் எடுத்துக்காட்டியது 1854இல். கொக் என்னும் ஜேர்மன் அறிஞர் அதன் கிருமியை இனங்கண்டு வெளிப்படுத்தியது 1884இல்.

தளபதி ஒஸ்ரின் மாண்ட அதே 1852ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த ஓர் அமெரிக்க வைத்தியர், மனித உடலின் அமைப்பையும் இயக்கத்தையும் சுகத்தைக் காக்கும் முறையையும் எடுத்துரைக்கும் நூலொன்றைத் தமிழில் அச்சேற்றினார். அவரே சாமுவேல் பிஸ்க் கிறீன். நோயுற்றவனுக்குத் தன் நோய் இன்னதென விளங்கவேண்டும்; விளங்கவேண்டுமாயின் அஃது அவன் மொழியிற் சொல்லப்படல்வேண்டும் என்பதே அவர் வாழ்வு நமக்குக் காட்டும் உண்மை.

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 10ஆம் நாள் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்தார். நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவை உருவாக்குவதில் முன்னின்று உழைத்த அன்றூ கிறீன் இவருடைய தமையனார். 1845இல் நியூயோர்க்கில் வைத்தியப் பட்டம் பெற்ற சாமுவேல், அந்நகரிலேயே தங்கிப் பொருளும் புகழும் ஈட்டியிருக்கலாம். அவரோ அமெரிக்க மிஷனைச் சேர்ந்து, 1847ஆம் ஆண்டு ஏப்பிரிலிற் கப்பலேறி, ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ 25.

இவருக்கு முன்னரும் அமெரிக்க வைத்தியர் யாழ்ப்பாணத்திற் பணி செய்ததுண்டு. 1820இல் பண்டத்தரிப்புக்கு வந்த ஸ்கடர் அவர்களுள் முதல்வர். எனினும், ஒரு வைத்தியர் எத்துணைதான் உழைப்பினும் எத்தனை பேருக்கு மருந்து கொடுத்துவிட முடியும்? வைத்தியரை இந்நாட்டு மக்களிடையே உருவாக்குதலே வழி எனக் கண்ட கிறீன், 1848இல் மானிப்பாயில் மாணவர் மூவருடன் வைத்திய வகுப்பைத் தொடங்கினார். 1850இல் அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால் யாழ்ப்பாண நகரில் வைத்தியசாலை நிறுவப்பட்டபொழுது, அதன் பணியிலும் கிறீன் பங்குகொண்டார்.

ஈண்டு ஒரு பொருத்தத்தை நினைவுகூர்தல் தகும். கிறீன் பிறந்த 1822ஆம் ஆண்டே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களும் நல்லூரிற் பிறந்த ஆண்டு. கிறீன் வைத்திய வகுப்பைத் தொடங்கிய 1848ஆம் ஆண்டே நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆண்டு. ஒருவர் கிறிஸ்து மதத்தைப் பரப்ப வந்தவர். மற்றவர் அம்மதப் பிரசாரத்தை எதிர்த்துச் சைவத்தை நிலைநிறுத்தியவர். கிறீன் தம் நோக்கத்தை ஒருபொழுதும் மறைத்தவரல்லர். வைத்தியமும் சமயப்பணியும் அவருக்கு ஒன்றே. ஆதலால் அக்காலத்துச் சைவப் பெருமக்கள் மிஷன் பணிகளை ஐயத்தோடு நோக்கியது இயல்பே, அவ்வையம் காரணமற்றதுமன்று. ஆயினும், தமிழ் உரைநடையும் அச்சியந்திரமும் கொண்டு மக்கள் அறிவை வளர்க்கலாம் என்பதில் அவ்விருவரும் ஒரே பாதையில் நடந்தனர். சமயத்தில் நாவலர் வழி நிற்கும் நாம், கிறீனின் தமிழ்த் தொண்டை மதிப்பதில் இழுக்கொன்றும் இல்லை.

கிறீனின் முதல் மாணவர் ஆங்கிலத்திலேயே பயின்றனர். பயின்று தேறியவருட் பலர் அரசாங்க உத்தியோகத்தையும் அது தரும் சம்பளத்தையும் நாடிச் சென்றனர். கிராமத்தாரோ முன்போலவே துணையற்றிருந்தனர். இதனைக் கண்ட கிறீன், தமிழில் வைத்தியம் கற்றவனே தமிழூரிற் தங்குவான் எனத் துணிந்தார். உடல் நலங்குன்றி 1857இல் தாயகம் சென்ற அவர், 1862இல் மனைவியாருடன் மீண்டும் மானிப்பாய்க்கு வந்தார். 1864 முதல் வைத்தியக் கல்வியைத் தமிழிலேயே நடத்தினார். தம் மாணவர் மேல்நாட்டு உடையும் நடையும் மேற்கொள்ளாது, தம் நாட்டு வழக்கிலேயே நிற்றல்வேண்டும் என்றும் விரும்பினார். அந்நியர் ஒருவர் நமக்கு இதனை நினைவூட்ட நேர்ந்தது சிந்திக்கத் தக்கது.

தமிழிற் பயிற்றுதற்கு நூல்கள் வேண்டுமன்றோ? கிறீன் தம் மாணவர்களின் துணைகொண்டு அவற்றை ஒவ்வொன்றாக ஆக்கினார். 1857இல் பிரசவ வைத்தியமும், 1867இல் இரண வைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875இல் கெமிஸ்தமும், 1883இல் மனுஷ சுகரணமும் வெளிவந்தன. இவையெல்லாம் ஆங்கிலத்தில் அக்காலத்து வைத்திய மாணவர் கற்ற பெருநூல்களின் தமிழாக்கங்கள். பக்கங்களை எண்ணின் 4000க்கு மேற்படும்.

அவர் சொற்களை ஆக்கிய முறையும் மாணவர் அறியத்தக்கது. ஒரு பொருளுக்குத் தமிழில் வழங்குஞ் சொல் உண்டாயின் அதனையே முதற்கண் கொண்டார். இல்லையேல் வடமொழியை நாடினார். அங்கும் கிடையாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்திலும் தமிழ் ஓசையிலும் அமைத்துக்கொண்டார். உடலமைப்பைக் கூறும் கலையை அங்காதிபாதம் என்றும், உடல் இயங்கும் முறையைச் சுகரணம் என்றும் வழங்கியவர், இரசாயனத்தைக் கெமிஸ்தம் என்றது இவ்வாறே. அச்சொற்களுட் பல இன்று வழக்கிழந்தன. நமக்குச் சில கடினமாகவுந் தோன்றும். ஆயினும், முன்னொருவர் நடவாத காட்டிலே வழி வெட்டியவரிடம் செப்பனிட்ட வீதியை எதிர்பார்த்தல் முறையன்று.

1866, 1867ஆம் ஆண்டுகளில் வாந்திபேதி யாழ்ப்பாணத்தை வாட்டியது. நோய்க்கு அஞ்சி உற்றாரே விலகிய காலம் அது. அப்பொழுது கிறீனிடம் பயின்றோர் ஊரூராகச் சென்று நோயாளரைப் பராமரித்தனர். தமிழிற் கற்ற வைத்தியம் ஏட்டோடு நின்றுவிடாது வீட்டு வாயில்வரை சென்றமைக்கு இதனினும் சான்று வேண்டா.

உழைப்பின் மிகுதியால் மீண்டும் உடல் தளர்ந்த கிறீன், 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். அதுவரை 60க்கு மேற்பட்ட வைத்தியரை அவர் பயிற்றியிருந்தார். தாயகம் சென்றபின்னும் அவர் ஓய்ந்திருந்தாரல்லர். பல்லாயிரம் மைலுக்கு அப்பால், தமிழோசை செவியில் விழாத வூஸ்ரர் நகரில் இருந்தவாறே தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். 1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் அங்கேயே காலமானார். தமிழர்க்கு வைத்தியமும் சமயமும் போதித்தவர் என்ற செய்தியையே தம் கல்லறையிற் பொறிக்கும்படி அவர் விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டுள்ளது. மானிப்பாயில் அவர் பெயரால் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை நிலைத்து நிற்கின்றது.

வைத்தியசாலை நின்றது, தமிழ் வகுப்பு நிற்கவில்லை. 1870இல் கொழும்பில் அரசாங்க வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கிற்று. உத்தியோகமும் மதிப்பும் அவ்வழியே சென்றன. கிறீன் சென்ற சில ஆண்டுகளில் மானிப்பாய் வகுப்பு மறைந்தது. நூல்கள் அலுமாரிகளில் உறங்கின. தமிழால் இயலாதென்று எவரும் ஆராய்ந்து கண்டு கைவிட்டாரல்லர். இயலும் என்பது காட்டப்பட்ட பின்னரே அது கைவிடப்பட்டது.

அவ்வெண்ணம் மட்டும் மாளவில்லை. 1925இல் இராமகிருஷ்ண மிஷன் நம் திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்றபொழுது அதனை நடத்திய விபுலாநந்த அடிகளார், விஞ்ஞானப் பட்டமும் தமிழ்ப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்றவர். தமிழிற் கலைச்சொற்களை ஆக்கும் பணியில் அவர் முன்னின்று உழைத்தார். கிறீன் வெட்டிய வழி நம் கல்லூரி வாயிலுக்கும் வந்ததென்று நாம் பெருமை கொள்ளலாம்.

இவ்வரலாற்றை நான் எழுத நேர்ந்த காரணத்தையும் கூறிவிடுதல் முறை. மாலை வேளைகளில் எங்கள் வீதியிலுள்ள முதியோர் சிலர் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வருவர். கையில் ஒரு மருந்துப் பையும், ஆங்கிலத்தில் எழுதிய கடதாசியும் இருக்கும். மாஸ்ரருக்குத் தெரியாதா என்ற நம்பிக்கை அவர் முகத்தில் இருக்கும். நானோ தமிழாசிரியன். சலரோகத்துக்கு எந்த மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு எது, உணவுக்கு முன்னோ பின்னோ என்பதை அக்கடதாசியில் என்னால் அறிய இயலாது. ஊகித்துச் சொல்வது உயிரோடு விளையாடுவதாகும் என்றஞ்சி, மீண்டும் வைத்தியரிடமே அவர்களை அனுப்புகின்றேன். ஒரு நாட் கூலியை இழந்து அவர்கள் மறுபடியும் செல்கின்றனர். சிலர் செல்வதேயில்லை. மருந்து மட்டும் பையிலேயே கிடக்கும்.

இக்கல்லூரியிற் பயின்று வைத்தியராகவும் மருந்தாளராகவும் தாதியராகவும் விளங்கும் பழைய மாணவர்களே, 4000 பக்கங்களை உங்களிடம் எவரும் கேட்கவில்லை. கடதாசியின் அடியிலே, எந்த நோய்க்கு, எவ்வேளை, எத்தனை என்று ஒரு வரி தமிழில் எழுதுங்கள். அதனை நோயாளருக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். கடல் கடந்து வந்த ஒருவர் 20க்கு மேற்பட்ட ஆண்டுகள் உழைத்துக் காட்டிய வழியில், நம்மவர் நம்மவர்க்கு அந்த ஒரு வரியையேனும் எழுதுதல் கடமையன்றோ!